கோழி எந்திரிக்கட்டும், அப்புறம் ஜீப்பு

பேராண்டி, இதை ஒக்காந்து கேளு. நிக்கிறவனுக்குச் சொல்ற புத்தி காலோட போயிரும். போன சனிக்கிழமை நீயும் ஒங்கப்பனும் தொழுவத்துக்குள்ள நுழைஞ்சு ஜீப்பு மேல கெடந்த தார்ப்பாயை இழுத்தப்ப, நான் கயித்துக் கட்டில்ல சாஞ்சு வேடிக்கை பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தார்ப்பாய் வந்துச்சு, கூடவே எலிக்கூடு, குளவிக்கூடு, காணாமப் போச்சுன்னு ஒங்க அப்பத்தா ரெண்டு வருசமாத் தேடுன முறம் எல்லாம் வந்துச்சு. பின் சீட்டுக்கு அடியில இருந்து சாம்பக் கோழி ஒண்ணு கழுத்தை நீட்டி ஒன் கையில ஒரு கொத்துக் கொத்துச்சே, அதுதான் அந்த வண்டியோட இன்னைய ஓனரு. அன்னைக்கோட அது அடையில ஒக்காந்து மூணு நாள். நீ என்னமோ வண்டி நம்மளதுன்னு நெனச்சு உள்ள கை விட்டுட்ட.

“தாத்தா, அப்பாவும் நானும் சேர்ந்து இதை ரெடி பண்ணி கொழுக்குமலைக்கு ஏத்தப்போறோம்”னு சொன்ன. நல்லது. நான் சிரிச்சதைப் பாத்து, சந்தோசத்துல சிரிக்கிறேன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியாம். அப்படியே இருக்கட்டும்.

நீ வாங்கிக் குடுத்த போன்ல நானும் ரெண்டு படம் பாத்தேன். 1940ல அமெரிக்க பட்டாளத்துக்காரங்க இந்த மாதிரி ஒரு வண்டி வேணும்னு நூத்து முப்பத்தஞ்சு கம்பெனிக்குத் தகவல் அனுப்பினாங்களாம். பான்டம்னு ஒரு சின்னக் கம்பெனி, அதுவும் கடன்ல மூழ்கப் போன கம்பெனி, 49 நாள்ல மொத வண்டியச் செஞ்சு கொண்டு போயி நிப்பாட்டிருச்சு. நீங்க அப்பனும் மகனுமா சனி, ஞாயிறு ரெண்டு நாள் பாடுபட்டு ரெண்டாவது வீலைக் கழட்டல. அதுக்காக மனசு விட்டுறாத. நம்ம போடி ரயிலை 2010 கடைசியில நிப்பாட்டிட்டு அகலப் பாதை போடுறோம்னாங்க, திரும்ப ரயிலு வந்தது 2023 ஜூன்ல. நம்ம ஊருக்குன்னு ஒரு வேகம் இருக்கு.

அந்த வீல் சமாச்சாரத்தைச் சொல்லிருவோம். அதுதான் நெஞ்சுக்குள்ள இனிக்குது.

மொதல்ல வலது பக்கம் கழட்டுனீங்க. ஆடி அசைஞ்சு அஞ்சு நட்டும் வந்துருச்சு. ஒங்கப்பன் முதுகை நிமித்திக்கிட்டு, “பழக்கம்டா, கை மறக்குமா”ன்னான். அப்புறம் இடது பக்கம் போனீங்க. ஸ்பேனரை மாட்டி அவன் மிதிச்சான், வரல. நீ மிதிச்ச, வரல. ரெண்டு பேருமா ஏறி நின்னு குதிச்சீங்க. துரு பிடிச்சிருச்சுன்னு சொல்லி மண்ணெண்ணெய் ஊத்துனீங்க. ரெண்டடிக் குழாயைச் சொருகி நெம்புனீங்க. கடைசியில சட்டுனு ஒரு சத்தம், போல்ட்டு தலையோட கையில வந்துருச்சு. ஒங்கப்பன் என்னையப் பாத்தான், நான் காப்பியைப் பாத்தேன்.

அந்த முறிஞ்ச போல்ட்டை எடுத்து முனையில இருக்குற அழுக்கைத் தொடைச்சுப் பாரு. இங்கிலீஷ்ல ‘எல்’லுன்னு ஒரு எழுத்துக் குத்தியிருக்கும். பழைய ஜீப்புல இடது பக்கச் சக்கரத்துக்குத் திருகு இடம்புரி. சக்கரம் உருள்ற திசையில நட்டு தானாக் கழண்டுறக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். வலது பக்கம் கழட்டுற மாதிரி திருப்புனா அது கழலாது, இறுகும். நீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா அந்த நட்டைக் கழட்டல பேராண்டி, நல்லா முறுக்கிக் குடுத்தீங்க. ஏன் தாத்தா சொல்லலைன்னு கேப்ப. நீ கேக்கலையே. ஒங்கப்பன் வேற, “இதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க வெயில்ல வராதீங்க”ன்னு அக்கறையாச் சொன்னான். நான் வெயில்ல வரல.

இனி நீ வாட்ஸ்அப்ல ஒங்கப்பனுக்கு அனுப்புன சாமான் பட்டியலுக்கு வருவோம். அதை அவன் எனக்குப் படிச்சுக் காட்டுனான். நெத்தியில மாட்ட எல்.இ.டி. லைட்டு, முன்னாடி இரும்புக் கம்பி, பெரிய டயரு, கயிறு இழுக்குற மிஷினு, அப்புறம் ஸ்நார்க்கல்னு ஒண்ணு. ஸ்நார்க்கல்னா என்னன்னு கேட்டேன். ஆத்துத் தண்ணிக்குள்ள வண்டி முங்கும்போது இஞ்சினு மூச்சு விடுறதுக்கு மேல தூக்குன குழாயாம். ஏண்டா, நம்ம ஓடையில தண்ணி வர்றதே வருசத்துக்கு நாலு நாள். அந்த நாலு நாளும் நீ பெங்களூருல இருக்க. ஆடு முங்காத தண்ணியில ஜீப்புக்கு எதுக்குடா மூக்கு?

முன்னாடி மாட்டுற கம்பியை 2017 கடைசியிலயே கவுர்மென்டு வேணாம்னு சொல்லிருச்சு. கம்பெனி செஞ்ச வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. ஓரத்துல நிப்பாட்டி அபராதம் எழுதும்போது, “சார், இது பேஷனு”ன்னு சொல்லிப் பாரு. அவரும் பேஷனா ஒரு தாளைக் கிழிச்சுக் குடுப்பாரு.

டயரு இன்னும் கூத்து. இது 16 இஞ்சுச் சக்கரம், ஒல்லி டயரு போட்டு ஓடுன வண்டி. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் அழுத்தமும் கெடையாது, கரண்டும் கெடையாது, ஒன் தோள்பட்டைதான். அதுல தடித்தடியா டயரை மாட்டுனா, சந்தையில திருப்பி நிறுத்துறதுக்குள்ள ஒனக்குக் கை வீங்கிரும். கிங் பின் பேரிங்குல லேசா ஆட்டம் இருந்தாப் போதும், முன் சக்கரம் ரெண்டும் நாப்பது மைல் வேகத்துல சாமியாடும். பம்பை உடுக்கை எதுவும் வேணாம், தானாவே இறங்கிரும். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு விடியறதுக்கு முன்னாடி ஆள் ஏத்திக்கிட்டுப் போறாங்களே ஜீப்புக்காரங்க, அவங்க வண்டியப் போயிப் பாரு. பெயிண்டு போயிருக்கும், பம்பரு நெளிஞ்சிருக்கும். கீழ குனிஞ்சு பாரு, டை ராடு எண்டுல புதுக் கிரீஸ் பளபளன்னு இருக்கும். அதைப் பாக்கத்தான் நீ குனியணும்.

இப்ப நான் சொல்ல வந்த சங்கதி. நீ பெயிண்டுல ஆரம்பிக்கிற, ஒங்கப்பன் இஞ்சின்ல ஆரம்பிக்கிறான். நீ வண்டி எப்படித் தெரியணும்னு பாக்குற, அவன் எப்படிக் கத்தணும்னு பாக்குறான். ரெண்டு பேருமே அது எப்படி நிக்கும்னு கேக்கல. மலைக்குப் போற வண்டிக்கு மொத வேலை பிரேக்கு, ரெண்டாவது ஸ்டியரிங்கு, மூணாவது ஸ்பிரிங் கட்டு. இஞ்சினு அதுக்குப் பின்னாடி. பெயிண்டு எல்லாம் முடிஞ்சு சாமி கும்பிட்டதுக்கு அப்புறம். நான் கெழவன், ஏறத் தெரியாதவன் பேசுறேன்னு நெனைக்காத. இதை எனக்குப் போடிமெட்டு எறக்கம் சொல்லிக் குடுத்துச்சு. அதுக்கு ஒங்கப்பன் சாட்சி.

அவன் பத்தாப்பு படிச்ச சமயம். மேல எஸ்டேட்டுல ஏலக்காய் மூட்டை ஏத்தும்போது பிரேக் டப்பாவுல ஆயில் கொறைஞ்சிருந்துச்சு. அந்த டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? பானெட்டுக்குள்ள தேடாத. டிரைவரு காலுக்கு அடியில, பிளாட்பாரத் தகரத்துல ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்குக் கீழ. எஸ்டேட்டுல பிரேக் ஆயிலுக்கு எங்க போறது? ஸ்டோர்ல இஞ்சின் ஆயில் இருந்துச்சு. எல்லாம் வழுவழுன்னு இருக்குற ஆயில்தானேன்னு ஊத்திட்டேன். பெரிய மேதாவி. பிரேக்குக்குள்ள இருக்குற ரப்பருக்கு அந்த எண்ணெய் ஆகாது. ஊறிப் போன பணியாரம் மாதிரி உப்பிரும். மொதல்ல பிரேக்கு விடாமக் கவ்வும், அப்புறம் ரப்பரு பிய்ஞ்சு ஒண்ணுமே இல்லாமப் போகும். ரெண்டு நாள் கவ்வுச்சு. மூணாம் நாள் எறக்கத்துல மிதிச்சேன், பெடலு தரையில போயி ஒக்காந்துருச்சு.

இந்தக் காலத்து வண்டியில பிரேக்கு லைனு ரெண்டா இருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். நம்மளதுல ஒரே லைனு. ஒரு சக்கரத்துல ஒழுகுனா நாலு சக்கரமும் போச்சு. சரின்னு கைப் பிரேக்கை இழுத்தேன். அது சக்கரத்துல பிடிக்காதுடா. பின்னாடி போற ராடுக்கு முன்னால, கியர் பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன டிரம் இருக்கு, அதைத்தான் பிடிக்கும். பிடிச்சுச்சு, கூடவே கருகுன வாசமும் வந்துச்சு. செகண்டு கியருல இருந்ததால வேகம் முழுசா எகிறல. மலைப் பக்கத்து மண்கரையில இடது பக்கத்தை ஒரசி ஒரசிக் கொண்டு போயிச் சாத்துனேன். நிக்கப் போற நேரத்துல ஒங்கப்பன் குதிச்சான் பாரு, மண்டைத் தண்டிக் கல்லைத் தூக்கிப் பின் டயருக்குக் குடுத்தான். அவன் வலது முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கே, கபடி ஆடுனதுன்னு ஒனக்குச் சொல்லி வச்சிருப்பான். அவனுக்குக் கபடி தெரியாது.

மூட்டை ஒண்ணும் சிந்தல. வேட்டிய மட்டும் மாத்த வேண்டியதாப் போச்சு.

அதனால ஆயிலை மாத்தி ஊத்தாத. மாஸ்டர் சிலிண்டரு ரப்பரு, நாலு வீல் சிலிண்டரு ரப்பரு, ஓஸு, அம்புட்டையும் புதுசா வாங்கு. இதுல கஞ்சத்தனம் பண்ணிட்டுப் பாட்டுப் பொட்டியில பணத்தைப் போடாத. மாட்டி முடிச்சதும் ஏர் எடுக்கணும். பேராண்டி, குடும்பத்தைச் சோதிக்க இதுக்கு மேல ஒரு வேலை கெடையாது. ஒருத்தன் சீட்டுல, ஒருத்தன் சக்கரத்துக்கு அடியில. டிரைவருக்கு ரொம்பத் தூரத்துல இருக்குற பின் இடது சக்கரத்துல ஆரம்பிக்கணும். நிப்பிள்ல சின்னக் குழாயை மாட்டி மறுமுனையை ஆயில் இருக்குற பாட்டில்ல முக்கி வைக்கணும். கீழ இருக்குறவன் “மிதி”ம்பான், மேல இருக்குறவன் நாலு தரம் மிதிக்கணும். “பிடி”ம்பான், மிதிச்சதை அப்படியே அமுக்கிப் பிடிக்கணும். அவன் நிப்பிளைத் தளத்துவான், பாட்டில்ல குமிழி வரும், பெடலு அடியில போகும். அவன் நிப்பிளை முடுக்கி “விடு”ன்னு சொன்ன பெறகுதான் காலை எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தா வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும், மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

மூணே மூணு வார்த்தை. ஆனா பாரு, ஒங்க பரம்பரையில ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் அந்த நிமிசமே செஞ்சதா வரலாறு இல்ல. “பிடி”ன்னு அவன் கத்தும்போது நீ போன்ல எவனுக்கோ கட்டை விரலைக் காட்டிக்கிட்டு இருப்ப. “விடு”ன்னு அவன் சொல்றதுக்குள்ள, சொல்லிட்டாருன்னு நெனச்சு விட்டுருவ. அவன் அடியில இருந்து ஒன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுப்பான். அந்தப் பாட்டன் நான்தான், கட்டில்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்.

என் யோசனை, அவனை மேல ஒக்கார வை. நீ கீழ படு. அவனுக்கு முதுகு பிடிக்கும். அதோட, கீழ படுத்தவன்தான் உத்தரவு போடுறவன். பொறந்ததுல இருந்து அவன் சொல்லி நீ கேட்டுட்ட, ஒரு நாள் நீ “மிதி”ன்னு சொல்லு, அவன் மிதிக்கட்டும். இந்தச் சொகத்துக்கே ஒரு ஜீப்பு வாங்கலாம். டார்ச் அடிக்கிற வேலைய மட்டும் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்காதீங்க. உலகத்துல டார்ச் பிடிச்சவன் எவனும் திட்டு வாங்காமத் திரும்பினதில்ல. கம்பியில கட்டித் தொங்க விடுங்க.

அப்புறம் ஒண்ணு, இதைச் சொன்னா நீ கோவிச்சுக்குவ. பழைய பெட்ரோல் இஞ்சினைத் தேடுறியாமே, புதுப்பேட்டை, உக்கடம்னு பழைய சாமான் கடையெல்லாம் ஆள் விட்டு? ஹரிக்கேனுன்னு பேரு, நாலு சிலிண்டரு, ரெண்டே கால் லிட்டருக்குக் கொஞ்சம் கொறைய. அதுல ஒரு வேடிக்கை உண்டு. உள்ள இழுக்குற வால்வு மேல தலையில இருக்கும், பொகையத் தள்ளுற வால்வு கீழ பிளாக்குல இருக்கும். மருமக மாடியில, மாமியா கீழ் வீட்டுல. உசரம் கூடிப் போனதாலதான் நம்ம ஜீப்புக்கு பானெட்டு தலைப்பா கட்டுன மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. அமெரிக்காக்காரன் அந்த முகத்தை 1968லயே நிப்பாட்டிட்டான், நம்ம மஹிந்திராகாரங்க அதுக்குப் பின்னாடியும் ரொம்ப வருசம் செஞ்சாங்க.

நல்ல இஞ்சின்தான், குடிதான் ஜாஸ்தி. மேட்டுல ஏறும்போது பெட்ரோலு போற வேகத்தைப் பாத்தா, டேங்குல வேற எவனோ வாய் வச்சிருக்கான்னு தோணும். அதான் எல்லாரையும் போல நானும் அதைத் தூக்கிட்டு டீசலு மாட்டி, புக்குலயும் முறையா ஏத்துனேன். அந்தப் பழைய இஞ்சினு எங்கன்னு ஒங்கப்பன்கிட்டக் கேட்டியாம், அவன் தெரியாதுன்னுட்டானாம். நான் சொல்றேன். பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுட்டேன். அந்தக் காசுல ஒங்க அப்பத்தாவுக்கு ஒரு கிரைண்டரு வந்துச்சு, அதுல அரைச்ச மாவுலதான் நீ வளந்த. இப்ப அதே இரும்பை நீ எம்புட்டு ரூவாய்க்கு வாங்கப் போறேன்னு எனக்குச் சொல்லாத, ராத்திரி தூக்கம் வராது. வாங்கி மாட்டுனா மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீசு, டீசல்னு இருக்குற புக்கைப் பெட்ரோல்னு மாத்தணும். டீசலே இருக்கட்டும். பம்பை மட்டும் கழட்டிக் கொண்டு போயி வேலை தெரிஞ்சவன்கிட்ட ஓட விட்டுப் பாரு. வீட்டுல வச்சுப் பிரிக்காத.

புக்குன்னதும் ஞாபகம் வருது. 15 வருசம் முடிஞ்சா அஞ்சு அஞ்சு வருசமாப் புதுப்பிக்கணும். முன்னாடி 600 ரூவாயா இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 20 வருசம் தாண்டுன காருக்கு 2025ல 10,000 ஆச்சு. கெழவனுக்குத்தான் மருந்துச் செலவு கூடும், வண்டிக்கும் அப்படித்தான்னு வையி. அதைக் கட்டாம மலை ஏறாத.

இம்புட்டுச் சொன்ன பெறகு ஒங்கம்மா கேக்குறா, புதுத் தார் ஜீப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தா முடிஞ்சுச்சுல்லன்னு. 2020ல வந்துச்சே, அந்தப் புதுசுல ஏசி இருக்கு, பாட்டு இருக்கு, மெத்தை இருக்கு. இதுல காத்து இருக்கு, தரையில இருக்குற ஓட்டை வழியா. மழை பேஞ்சா உள்ள மொதல்ல பேயும், அப்புறம்தான் வெளிய. நீ எதை வேணும்னாலும் வாங்கு, ஒன் காசு. அதை வாங்குனா ஒங்கப்பனும் நீயும் ஷோரூம்ல ஒரு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்திருப்பீங்க. இங்க ஒரு இடம்புரி நட்டுக்கே ஒரு சாயங்காலம் ஓடிருச்சு. ரெண்டு பேரும் கிரீஸ் கையோட ஒரே தட்டுல பணியாரத்தை அள்ளுனீங்க. அப்பத்தாகிட்ட ரெண்டு பேருக்கும் சேத்துத் திட்டு விழுந்துச்சு. அதை விடு.

பெயிண்டு விசயத்துக்கு வர்றேன். பச்சையா, மண் கலரான்னு ஒரு அட்டைய நீட்டுனியே, அதை அப்பவே ஏன் நான் கையில வாங்கலன்னு கேளு. நீங்க மொதல்ல பெயிண்டு அடிப்பீங்க. பளபளன்னு இருக்கும், போட்டோ எடுப்பீங்க. அப்புறம்தான் பிரேக்கு ஞாபகம் வரும். ஏர் எடுக்கும்போது ஓஸு நழுவி ரெண்டு சொட்டு ஆயிலு மட்காடு மேல தெறிக்கும். கவனிக்க மாட்டீங்க. பிரேக் ஆயிலு பட்ட பெயிண்டு வெந்த தோலு மாதிரி சுருண்டு உரிஞ்சு வரும். தெறிச்சாப் பச்சைத் தண்ணியை உடனே ஊத்திக் கழுவணும், துணியாலத் தேய்க்கக் கூடாது. வாரக் கணக்காத் தேய்ச்சு அடிச்ச பெயிண்டு ரெண்டு சொட்டுல போனா அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தை நின்னுரும், நடுவுல நான் தூது போக முடியாது. எனக்கு மூட்டு வலி.

வரும்போது பிரேக் ஆயில் ரெண்டு டப்பா, சீல் ஒடைக்காததா வாங்கிட்டு வா. தெறந்த டப்பா ஈரம் குடிச்சுக் கெட்டுப் போயிருக்கும். ரப்பர் செட்டு, உள்ள இருக்குறது தெரியிற குழாய் அரை அடி, இடம்புரி போல்ட்டு ஒண்ணு. போல்ட்டுல ‘எல்’லு இருக்கான்னு கடையிலயே பாத்து வாங்கு. கலரு அட்டைய அங்கயே வச்சுட்டு வா.

நாளைக்கே வர்றேன்னு ஒங்கப்பன்கிட்டச் சொல்லியிருக்கியாம். வராத. கோழி முட்டை பொரிக்க 21 நாளு, இன்னையோட ஒம்பதுதான் ஆச்சு. இன்னும் 12 நாளைக்கு அந்த வண்டியில எவனும் கை வைக்கக் கூடாதுன்னு ஒங்க அப்பத்தா சொல்லிட்டா.